இலங்கைக் கொடியில் பச்சை, செம்மஞ்சள் பட்டைகள்: குறிப்பில் என்ன எழுதலாம்?

மாடவீதி:
கல்லூரி நூலகத்தில் நாடுகளின் கொடிகள் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறோம். ஒவ்வொரு கொடிக்கும் 60 சொல்லுக்குள் குறிப்பு. இலங்கைக்கு "சிங்கம் சிங்களவர், செம்மஞ்சள் தமிழர், பச்சை முஸ்லிம்கள்" என்று எழுதியிருக்கிறோம். இதை அப்படியே மாட்டினால் சண்டை வரும் என்று ஒருவர் சொல்கிறார். கொடியிலேயே தமிழருக்கு இடம் கொடுத்த பிறகு என்ன சண்டை? இன்னொன்று, இணையத்தில் இரண்டு பட்டையும் இல்லாத சிங்கக்கொடிப் படமும் வருகிறது. எது சரியான படம்?

வன்னிமரம்:
நிறத்தை விட்டிட்டு முதலில் கோடுகளைப் பாருங்கோ. வெளியே நாலு பக்கமும் மஞ்சள் கரை. உள்ளே, பட்டைகளுக்கும் கருஞ்சிவப்புக் கட்டத்துக்கும் நடுவிலும் ஒரு மஞ்சள் கோடு இறங்குது. ஆகவே ஒரே கொடிக்குள்ள ரெண்டு பெட்டி. பெரிய பெட்டியில சிங்கம் தனியாக, முழுசாக நிக்குது. சின்னப் பெட்டியில பச்சையும் செம்மஞ்சளும். பட்டைகளைக் கத்தரிச்சு எடுத்தாலும் மிச்சம் முழுக் கொடியாகவே இருக்கும். சண்டையின் வேர் அந்த நடுக்கோடுதான், நிறம் இல்லை.

அடுத்தது சிங்கம் பார்க்கிற திசை. அது கம்பத்துப் பக்கம் திரும்பி, வலது முன்காலில வாளைத் தூக்கிப் பிடிச்சிருக்கு. அந்தப் பக்கம்தான் பட்டைகள். கொடிகளில் விலங்குகள் கம்பத்தைப் பார்த்து நிக்கிறது பொதுவான வழக்கம், வேணுமென்று செய்தது எண்டு சொல்ல ஏலாது. ஆனால் "வாள் எங்கட பக்கம் நீட்டியிருக்கு" எண்டு தமிழர் சொல்லுறது இதைப் பார்த்துத்தான்.

வரலாறு சுருக்கமாக: கண்டி அரசின் சிங்கக்கொடியை நாட்டுக் கொடியாக்க வேணும் எண்டு 1948 ஜனவரியில பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்பு எம்.பி. ஏ. சின்னலெப்பை. எதிர்ப்பு எழும்பினதால எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா தலைமையில குழு போட்டார்கள். தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலமும் முஸ்லிம் தலைவர் ரி.பி. ஜாயாவும் அதில இருந்தார்கள். பட்டைகளைச் சேர்க்கச் சொன்னது அந்தக் குழுதான். செனட்டர் எஸ். நடேசன் அதோட உடன்படேல்லை. 1951 மார்ச் 2இல் கொடி ஏற்கப்பட்டது.

தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு உபரித் தகவல்: அந்தக் கண்டிக் கொடிக்குக் கடைசிச் சொந்தக்காரன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சம். வெள்ளைக்காரன் பிடிச்சு வேலூருக்கு அனுப்ப, 1832இல் அங்கேயே செத்தான். சமாதி இன்னும் வேலூரில் இருக்கு.

தேயிலைக்கொழுந்து:
செம்மஞ்சள் "தமிழர்" என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் (இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர்) லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. மூன்று வருடம் கழித்து வந்த கொடியில் "தமிழருக்கு" ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் அவர்கள் இருந்தார்களா என்ற கேள்வி நியாயமானது.

நாலு மூலையில் இருக்கும் அரசமர இலைகளையும் விடாதீர்கள். 1951 கொடியில் அவை கிடையாது, அந்த இடத்தில் கோபுர முனை மாதிரி ஓர் உரு இருந்தது. 1972 குடியரசு யாப்பு (அரசியலமைப்பு) பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. இலைகளும் அதே ஆண்டில்தான் வந்தன. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்று நாலு பௌத்தப் பண்புகளைச் சொல்வார்கள். பழைய நிகழ்ச்சி எதற்காவது படம் போட்டால் மூலையைப் பார்த்துப் போடுங்கள். 1960களின் செய்திக்கு இலையுள்ள கொடியைப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அச்சுக்கூடம்:
படத்தைப் பற்றி. பட்டை இல்லாதது இன்றைய நாட்டுக் கொடி அல்ல. ஆனால் எல்லாமே பிழையால் வந்தவையும் அல்ல. சிங்களத் தேசியவாதிகள் சிலர் தெரிந்தே அதைப் பிடிக்கிறார்கள். 2015இல் கொழும்பு ஆர்ப்பாட்டம் ஒன்றில் அது தெரிந்து பெரிய சர்ச்சையானது. கண்காட்சியில் அந்தப் படம் போனால் அது ஓர் அரசியல் நிலைப்பாடாகவே படிக்கப்படும்.

சரியான படத்தை எடுத்தும் கோட்டைவிடலாம். கொடியின் அளவு 1:2. சமூக ஊடகத்துக்காக நடுவில் சதுரமாக வெட்டினால் இரு பக்கமும் கால்வாசி போய்விடும். இடது கால்வாசியில்தான் பச்சையும் செம்மஞ்சளில் பெரும்பகுதியும். மிஞ்சுவது சிங்கம் மட்டும், நீங்களே பட்டை இல்லாத கொடியை உண்டாக்கிவிட்டீர்கள்! சதுரம் கட்டாயம் என்றால் மேலும் கீழும் வெற்றிடம் விட்டு முழுக் கொடியையும் வையுங்கள்.

அச்சில் செம்மஞ்சள் வெளிறினால் பக்கத்து மஞ்சளோடு கலந்து, தூரத்தில் ஒரே பட்டைபோலத் தெரியும். ஒரு மாதிரித்தாள் அடித்துப் பார்த்துவிட்டு மொத்தமாக அடியுங்கள். கம்பத்தை ஒட்டி வருவது பச்சை, பிறகுதான் செம்மஞ்சள். இந்த வரிசையும் மாறிப்போவதுண்டு.

மாடவீதி:
அந்த நடுக்கோட்டை இதுவரை கவனித்ததே இல்லை. அப்படியென்றால் யாருடைய அடையாளமும் இல்லாத கொடிதான் தீர்வா? சைப்ரஸ் அப்படித்தானே?

வன்னிமரம்:
சைப்ரஸ் கொடி 1960. நிறமும் வடிவமும் நடுநிலையாக இருக்க வேணும் எண்டு யாப்பிலேயே எழுதினார்கள். வெள்ளைத் துணியில செம்பு நிறத்தில தீவின் வரைபடம், கீழே ரெண்டு ஒலிவக் கிளை. ஆர் மனதும் நோகேல்லை, ஆர் மனதிலும் ஒட்டவும் இல்லை. கிரேக்கர் கிரேக்கக் கொடியையும் துருக்கியர் துருக்கிக் கொடியையும்தான் தூக்கினார்கள்.

பொஸ்னியா இன்னும் ஒரு படி மேல. 1992 கொடியில ஆறு லில்லிப் பூ, நடுக்கால பொஸ்னிய அரசரின் சின்னம். சேர்பியரும் குரோவாசியரும் அது முஸ்லிம்களின் கொடி எண்டு ஒதுக்கினார்கள். உள்ளூரில முடிவு வராததால 1998 பெப்ரவரியில சர்வதேசப் பிரதிநிதி கார்லோஸ் வெஸ்டெண்டோர்ப் புதுக் கொடியைத் தானே அறிவிச்சார், நகானோ குளிர்கால ஒலிம்பிக் வாசலில நிக்கேக்க. நீலம், மஞ்சள் முக்கோணம், நட்சத்திரங்கள். தேசிய கீதத்துக்கு இன்னும் வரிகளே இல்லை, இசை மட்டும்.

என்ர அபிப்பிராயம், நடுநிலை வடிவம் சண்டையைத் தள்ளிப்போடும், பற்றை உண்டாக்காது. ஒரு சின்னம் என்ன சொல்லுது எண்டதை அதைச் சுற்றி நடக்கிறதுதான் தீர்மானிக்கும். 1957 பெப்ரவரி 4, சுதந்திர தினம். திருகோணமலையில கறுப்புக்கொடி கட்டப்போன நடராசன் சுடப்பட்டார். அதுக்குப் பிறகு அங்க அந்தத் தேதியில சிங்கக்கொடி எப்படித் தெரியும்? இலங்கைத் தேசிய கீதமும் அப்படித்தான். அதன்ர தமிழ் வடிவம் யாப்பின் தமிழ்ப் பிரதியிலேயே இருக்கு. 1949க்குப் பிறகு அரச சுதந்திர தின விழாவில அது ஒலிச்சது 2016இல். 2020இல் மறுபடி நிறுத்தினார்கள்.

அச்சுக்கூடம்:
குறிப்புக்கு ஒரு வரைவு:

"1951 மார்ச் 2 அன்று ஏற்கப்பட்டது. வாளேந்திய சிங்கம் கண்டி அரசின் கொடியிலிருந்து வந்தது. கம்பத்தருகே உள்ள பச்சைப் பட்டை முஸ்லிம்களையும், செம்மஞ்சள் பட்டை தமிழர்களையும் குறிக்கும் என்பது அரசின் விளக்கம். இந்தச் சிறுபான்மைப் பட்டைகள் சிங்கம் நிற்கும் கட்டத்துக்கு வெளியே இருப்பதைத் தமிழர்களில் பலர் விலக்கலாகப் பார்க்கிறார்கள். மூலைகளில் உள்ள அரச இலைகள் 1972இல் சேர்ந்தவை."

மஞ்சள் கரைக்கு ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள், 60 சொல்லில் அது வேண்டாம்.

தேயிலைக்கொழுந்து:
"குறிக்கும் என்பது அரசின் விளக்கம்" நல்லாயிருக்கு, அதை மாற்றாதீர்கள். "சிறுபான்மை" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், "இந்தப் பட்டைகள்" போதும். அந்தச் சொல்லுக்கே தனியாக ஒரு திரி ஓடும்.