புதுப்பிப்பு: ராத்திரி போன் தொல்லை, ஆறு வாரத்துக்குப் பிறகு

நான் குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை மேலாளர். நள்ளிரவிலும் போன், நாலு மணி நேரத் தூக்கம் என்று இங்கே முன்பு புலம்பியிருந்தேன். "லீவு போடுங்க" என்றீர்கள். போட்டேன். மூன்று நாளும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன், வீண்.

உதவியது வேறு. ராத்திரி இலை வாட்டும் தொட்டியில் ஃபேனை எப்போது நிறுத்துவது என்பதைக்கூட என்னிடம்தான் கேட்பார்கள். அதை ஷிப்ட் சூப்பர்வைசரிடமே விட்டுவிட்டேன். தீ, விபத்து என்றால் மட்டும் கூப்பிடச் சொன்னேன். முதல் வாரமே ஒரு தொட்டி இலை அதிகமாக வாடிப்போனது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இந்தச் சோர்வுக்கு மாத்திரை கேட்டபோது டாக்டர் சிரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை (பர்ன்-அவுட்) நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகத்தான் வகைப்படுத்தியதாம்.

இப்போது தூக்கம் ஆறு மணி நேரம். ஞாயிறு மனைவியோடு சிம்ஸ் பூங்காவில் நடை, போன் வீட்டில்.