ஹெல்ப் கேட்டால் ஓர் ஆப்ஷன் மட்டும் வருகிறது: இரண்டு பார்சர்கள் உள்ள பைத்தான் ஸ்கிரிப்ட்

கேள்வி:
ஆர்க்பார்ஸ் (கட்டளைவரியில் தரும் ஆப்ஷன்களைப் படிக்க உதவும் பைத்தான் நூலகம்) கொண்டு எழுதிய என் ஸ்கிரிப்டில் இரண்டு பார்சர்கள், அதாவது ஆப்ஷன்களைப் படிக்கும் பகுதிகள், உள்ளன. முதல் பார்சர் கான்ஃபிக் (அமைப்புகள் உள்ள) கோப்பின் பெயரை மட்டும் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கோப்பைப் படித்த பிறகே, அதிலுள்ள மதிப்புகளை இயல்பு மதிப்புகளாக வைத்து, மற்ற எட்டு ஆப்ஷன்களையும் இரண்டாவது பார்சரில் சேர்க்கிறேன். ஆனால் --ஹெல்ப் கொடுத்தால் --கான்ஃபிக் மட்டுமே திரையில் வருகிறது. முதல் பார்சரில் பார்ஸ்_நோன்_ஆர்க்ஸ் பயன்படுத்துவதால், அது ஹெல்ப்பையும் அடுத்த பார்சருக்கு விட்டுவைக்கும் என்று நினைத்திருந்தேன்.

மறுமொழி 1:
பார்ஸ்_நோன்_ஆர்க்ஸ் தனக்குத் தெரியாதவற்றை மட்டுமே விட்டுவைக்கும். ஹெல்ப் அதற்குத் தெரிந்த ஆப்ஷன். பார்சரை உருவாக்கும்போதே -ஹெச், --ஹெல்ப் இரண்டும் தாமாகச் சேர்ந்துவிடுகின்றன, அவற்றைக் கண்ட இடத்திலேயே உதவியை அச்சிட்டு 0 என்ற குறியீட்டுடன் நிரல் முடிந்துவிடுகிறது. கட்டாய ஆர்குமென்ட்டைக் கொடுக்காதவருக்கும் உதவி கிடைப்பது இதனால்தான்.

முதல் பார்சரில், ஹெல்ப்பைத் தானாகச் சேர்க்கும் ஆட்_ஹெல்ப் என்பதற்கு ஃபால்ஸ் கொடுங்கள். பிறகு அந்தப் பார்சரையே இரண்டாவதற்குப் பேரன்ட்ஸ் (வேறொரு பார்சரின் ஆப்ஷன்களையும் சேர்த்துக்கொள்ளும் வசதி) வழியாகத் தந்தால், --கான்ஃபிக் உட்பட ஒன்பதும் ஒரே பட்டியலில் வரும். ஆட்_ஹெல்ப்பை நிறுத்தாமல் பேரன்ட்ஸ் கொடுத்தால் இரண்டு -ஹெச் மோதிப் பிழை எழும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியான தீர்வு. கூடவே, ஆப்ஷன் பெயர்களின் சுருக்கங்களை ஏற்கவைக்கும் அலவ்_அப்ரீவ் என்பதையும் முதல் பார்சரில் ஃபால்ஸ் ஆக்குங்கள் (பைத்தான் 3.5 முதல் உண்டு). இல்லாவிட்டால், இரண்டாவது பார்சருக்கென நீங்கள் --கான் போன்ற ஓர் ஆப்ஷனை வைத்தால், அதை, --கான்ஃபிக் என்பதன் சுருக்கமாகக் கருதி முதல் பார்சரே விழுங்கிவிடும்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். கோப்பு இல்லை என்றோ பழுதாகியுள்ளது என்றோ இரண்டாவது பார்சருக்கு முன்பே நிரலை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கோப்பை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் ஹெல்ப் கேட்பவருக்கு அந்தக் கோப்பைப் பற்றிய பிழையையே காட்டுவது பெரிய குறை. பிழையைக் குறித்துவைத்துக்கொண்டு, இரண்டாவது பார்சர் வேலையை முடித்த பிறகு சொல்லுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி, ஒன்பதும் வருகின்றன. இடையில் ஹெல்ப் கேட்கும்போது மட்டும் வேறொரு பிழை வந்தது. ஓர் ஆப்ஷனின் விளக்கத்தில் 50% என்று எழுதியிருந்தேன். ஆர்க்பார்ஸ் விளக்கங்களில் அந்தக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு என்பதால், 50%% என்று இரட்டித்து எழுதியதும் சரியாகிவிட்டது.