மாற்று வரலாற்று நாவல்கள்: முதலில் எதை எடுக்கலாம்?

ஏடுதேடி:
வரலாற்றுப் புதினங்கள் ஓரளவு படித்தாயிற்று. இனி ‘நடந்தது வேறு மாதிரி நடந்திருந்தால்?’ வகைக்குள் நுழையலாம் என்று பார்க்கிறேன். மாயம், டிராகன் எல்லாம் கலந்திருந்தாலும் சரி. ஆங்கிலத்தில் படிப்பதில் சிக்கல் இல்லை. ஒரே நூலில் கதை முடிய வேண்டும், இல்லாவிட்டால் தொடர் முழுவதும் வெளிவந்திருக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் விக்கிப்பீடியாவைத் திறக்க வைக்கும் நூல் வேண்டாம். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் ‘தி மேன் இன் தி ஹை காசில்’ முதலில் நிற்கிறது. அதிலேயே தொடங்கலாமா?

பழுப்புத்தாள்:
வேண்டாம். அருமையான நாவல்தான், ஆனால் முதலில் எடுக்கிற நாவல் அல்ல.

வரலாற்றுப் புதினம் ஆவணங்களில் உள்ள இடைவெளிக்குள் கதையை வைக்கும். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதில் கல்கி எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம். ராஜராஜன் கடைசியில் அரியணை ஏறியே ஆக வேண்டும். மாற்று வரலாறு அந்த அரியணையிலேயே கைவைக்கும். அதனால் வரலாறு எந்த இடத்தில் பிரிகிறது, அங்கே உண்மையில் நடந்தது என்ன என்பது தெரியாவிட்டால் பாதி ருசி போய்விடும். நாவலைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் நிபந்தனைக்குப் பொருந்துவது ராபர்ட் ஹாரிஸின் ‘ஃபாதர்லேண்ட்’ (1992). ஹிட்லர் போரில் வென்றுவிட்டார். 1964 ஏப்ரல், பெர்லின். அவருடைய 75ஆவது பிறந்தநாளுக்கு ஊர் தயாராகும் வாரத்தில் ஏரிக்கரையில் ஒரு பிணம் கிடைக்கிறது. துப்பறியும் அதிகாரி மார்ச்சுக்கு எது தெரியாதோ அது வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். அந்த இடைவெளியிலேயே நாவல் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போர் பற்றிப் பள்ளிப் பாட அளவு தெரிந்தால் போதும். பின்னட்டையையும் விமர்சனங்களையும் மட்டும் படிக்காதீர்கள், பலர் முடிச்சை அவிழ்த்து வைத்துவிடுகிறார்கள்.

பிறகு ‘தி மேன் இன் தி ஹை காசில்’ எழுதிய பிலிப் கே. டிக்கிடம் (1962) போங்கள். தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். தொடரில் வரும் படச்சுருள்கள் நாவலில் கிடையாது. அங்கே தடைசெய்யப்பட்ட ஒரு நாவல்தான் கைமாறிக்கொண்டிருக்கும். பெரிய கிளர்ச்சி, சண்டை எதையும் எதிர்பார்க்க வேண்டாம், முடிவும் அப்படியே விடப்பட்டிருக்கும். போரில் வென்ற ஜப்பான் ஆளும் அமெரிக்கப் பசிபிக் கரையில் வாழும் பாத்திரங்களின் ஆங்கிலம் வெட்டி வெட்டி வரும், ‘த’, ‘எ’ எல்லாம் உதிர்ந்திருக்கும். அச்சுப்பிழை அல்ல, ஜப்பானிய ஆட்சி அவர்கள் நினைப்புக்குள்ளேயே புகுந்துவிட்டதன் அடையாளம். வரலாறு பிரிவது 1933இல்: ரூஸ்வெல்ட்டைச் சுட்டவனின் குறி நாவலில் தப்பவில்லை. நிஜத்தில் அந்தக் குண்டு பட்டு இறந்தவர் சிகாகோ மேயர். போகிறபோக்கில் வருவதால் கண்ணில் படாமல் போய்விடும்.

மைவிளக்கு:
மாயம் கலந்தது என்றால் சூசன்னா கிளார்க்கின் ‘ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நோரல்’ (2004). நெப்போலியன் போர்க்கால இங்கிலாந்துக்கு மந்திரவித்தை திரும்பி வருகிறது. பலர் முதல் நூறு பக்கத்தில் கைவிடுகிறார்கள். காரணம் எளிது: தலைப்பில் முதலில் நிற்கிற ஸ்ட்ரேஞ்ச் கதைக்குள் வரவே நேரமாகும். முதல் பாகம் நோரலுடையது, அவரோ சலிப்பூட்டுகிற ஆசாமி (அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறார்). அதைத் தாண்டினால் வேகம் தானாக வரும்.

அடிக்குறிப்புகளைத் தாவாதீர்கள். வட இங்கிலாந்தை முந்நூறு ஆண்டு ஆண்ட காக்கை மன்னனின் வரலாற்றில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சில குறிப்புகள் பக்கக்கணக்கில் நீள்வதால் மின்நூலில் போய்ப்போய்த் திரும்புவது எரிச்சல். இதை மட்டுமாவது அச்சில் வாங்குங்கள்.

கை கவ்ரியல் கேயின் ‘தி லயன்ஸ் ஆஃப் அல்-ரஸ்ஸான்’ (1995) ஒரே நூல். கற்பனை நாடுதான், ஆனால் அடியில் இருப்பது இடைக்கால ஸ்பெயின். முதல் அத்தியாயங்களில் பெயர்கள் குழப்பும். ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: சூரியனை வணங்கும் ஜாடைட்டுகள் கிறித்தவர்களின் இடத்தில், விண்மீன்களை வணங்கும் அஷாரைட்டுகள் முஸ்லிம்களின் இடத்தில், இரு நிலாக்களைப் போற்றும் கிண்டாத்துகள் யூதர்களின் இடத்தில். அது பிடிபட்டால் விக்கிப்பீடியா தேவைப்படாது. மாயம் மட்டும் மிகமிகக் குறைவு. அதற்காகவே எடுப்பதாக இருந்தால் வேண்டாம்.

கரையான்:
‘தி இயர்ஸ் ஆஃப் ரைஸ் அண்ட் சால்ட்’ பற்றி இன்னும் யாரும் சொல்லலையே! கிம் ஸ்டான்லி ராபின்சன், 2002. கொள்ளைநோயில் ஐரோப்பாவே ஏறத்தாழ மொத்தமாக அழிஞ்சுபோகுது. மிச்ச உலகத்தை சீனாவும் இஸ்லாமிய நாடுகளும் இந்தியாவும் எழுதுது. ஒரு பாகத்தில் திருவாங்கூர் வல்லரசா எழும்புது, அதுக்காகவே படிக்கலாம்.

மொத்தம் பத்துப் பாகம், பாகத்துக்குப் பாகம் ஆட்கள் செத்து வேறு ஊரில், வேறு காலத்தில் பிறப்பாங்க. யார் யாருன்னு தெரியாமத்தான் பலரும் மூணாவது பாகத்தில் மூடி வெச்சிடறாங்க. பெயரின் முதல் எழுத்தைப் பாருங்க. ஆங்கிலத்தில் பி-யில் (B) தொடங்கினா பொறுமைசாலி, கே-ன்னா கோபக்காரர், ஐ-ன்னா எதையும் துருவிக் கேட்கிற ஆள். மறுபிறப்பு நமக்குப் புதுசா என்ன!

பழுப்புத்தாள்:
@கரையான், நல்ல தேர்வு, ஆனால் விக்கிப்பீடியா நிபந்தனையில் அடிபடும். நடுவில் சீன அரசியல் பெயர்கள் கொட்டும். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைக்கலாம்.

லேசாக ஒன்று வேண்டுமானால் ஸ்ப்ராக் டி காம்ப்பின் ‘லெஸ்ட் டார்க்னெஸ் ஃபால்’. ஒரு தொல்லியல் அறிஞர் ஆறாம் நூற்றாண்டு ரோமில் போய் விழுகிறார். பிராந்தி வடிக்கிறார், அது வெற்றி. அச்சு இயந்திரமும் செய்துவிடுகிறார், ஆனால் அச்சடிக்கத் தோல்தாள் போதவில்லை. பீரங்கி முயற்சி தோல்வி. ஒரு கண்டுபிடிப்புக்குப் பின்னால் எத்தனை துணைப்பொருள் வேண்டியிருக்கிறது என்பதை இவ்வளவு சிரிக்கச் சிரிக்கச் சொன்ன நாவல்கள் குறைவு.

ஏடுதேடி:
‘ஃபாதர்லேண்ட்’, அடுத்து ‘அல்-ரஸ்ஸான்’ என்று வைத்துக்கொள்கிறேன். டிராகன் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

மைவிளக்கு:
நவோமி நோவிக்கின் ‘டெமரேர்’ தொடர். நெப்போலியன் போரில் டிராகன் வான்படை. 2006இல் தொடங்கி 2016இல் ஒன்பது நூல்களோடு முடிந்துவிட்டது, ஆக உங்கள் நிபந்தனைக்குள் வருகிறது. முதல் நூல் பிரிட்டனில் ‘டெமரேர்’, அமெரிக்காவில் ‘ஹிஸ் மெஜஸ்டிஸ் டிராகன்’. இரண்டும் ஒரே நூல்தான், இரண்டாம் பாகம் என்று நினைத்து மறுபடி வாங்கிவிடாதீர்கள்.