கடைவீட்டு மாடியில் கூட்டுப் பணியிடம்: எங்கெங்கே உதைக்கிறது?

மாடிக்காரர், பெஸ்தாரி ஜெயா

எங்கள் ஊருக்குப் பலகையில் பெயர் பெஸ்தாரி ஜெயா, பேச்சில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை. இந்த மாதிரித் தோட்டப் பட்டணங்களில் கீழே சாப்பாட்டுக்கடையோ மோட்டார் பட்டறையோ ஓடும்; மேல்மாடியில் புறா குடியிருக்கும். அதைத் துடைத்து மேசை போட்டு, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கும் யுனிசெல் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் நாள் கணக்கில் விடலாம் என்று நிறைய பேர் கணக்குப் போடுகிறார்கள். ஆள் வருமா என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். பத்து பேர் வந்து உட்கார்ந்த பிறகுதான் தொல்லையே ஆரம்பிக்கிறது.

20க்கு 70 அடி மாடி, 20 இருக்கை என்று வைத்துக்கொள்வோம். எது கெடும், ஏன் கெடும், எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அளவு சொன்னால் போதும்.

முதல் குறிப்பு நான் சொல்கிறேன். வாடகை ஒப்பந்தத்தில் 'உள்வாடகைக்கு விடக்கூடாது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அச்சடித்த படிவங்களில் அது அநேகமாக இருக்கும். கட்டட உரிமையாளர் வாயால் சரி என்று சொல்வது போதாது. உறுப்பினருக்கு இருக்கை கொடுக்க அனுமதி உண்டு என்று தனி வரி எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏறாது. உறுப்பினர் தாளில் 'வாடகை' என்ற சொல்லே வேண்டாம், 'பயன்பாட்டுக் கட்டணம்' என்று போடுங்கள்.

வயர்மேன், சுங்கை சிப்புட்

மேசை வாங்குவதற்கு முன்னே மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள் அண்ணே. பழைய மாடிகளில் ஒற்றை பேஸ்தான் இருக்கும், மெயின் சுவிட்ச் 60 அல்லது 63 ஆம்பியர். 230 வோல்ட்டில் 63 ஆம்பியர் என்றால் மொத்தம் 14.5 கிலோவாட். இரண்டரை குதிரைச் சக்தி ஏர்கோன் நான்கு முழு வேகத்தில் ஓடினால் 40 ஆம்பியர் போய்விடும். 65 வாட் மடிக்கணினி இருபதுக்கு 6, தண்ணீர் கெட்டிலுக்கு 9. விளக்கு, குளிர்பெட்டி சேர்த்தால் விளிம்பில் நிற்கிறீர்கள். அதற்கு மேல் யாராவது ஏர் ஃப்ரையர் கொண்டுவந்து சொருகுவார். மூன்று பேஸ் கேட்டு விண்ணப்பிக்கிறதென்றால் கடை திறக்கும் முன்பே செய்யுங்கள். மூன்று பேஸுக்குச் சான்றிதழ் உள்ள வயர்மேன்தான் கை வைக்கலாம்.

பலருக்குப் புரியாத தொல்லை இன்னொன்று உண்டு. எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் காலை பத்தரைக்கு மேல் திடீரென்று ட்ரிப் ஆகும். ஷார்ட் எங்கே என்று தேடினால் கிடைக்காது. காரணம் ஷார்ட் இல்லை, கசிவு. மேசைக் கணினி, மானிட்டர், மூன்று முனை சார்ஜர் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் வடிகட்டி வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் மின்சாரம் விடும், ஏறக்குறைய அரை முதல் 1 மில்லி ஆம்பியர். கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்.சி.சி.பி.; 30 மில்லி ஆம்பியர் வகை 15ஐத் தாண்டினாலே விழலாம், 30க்குள் விழுந்தே ஆக வேண்டும். ஒரே ஆர்.சி.சி.பி.யில் இருபது மேசையையும் கோத்தால், எல்லாரும் வந்து சேரும் நேரத்தில் அது விழும். மழை நாளில் ஈரம் சேர்ந்து இன்னும் சீக்கிரம் விழும். 100 மில்லி ஆம்பியர் மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு வயர்மேன் சொல்வார். கேட்காதீர்கள். கையால் தொடும் கருவிகளுக்கு 30தான் இங்கே விதி, ஈரத்தரைக்கு 10. மேசைகளை நான்காகப் பிரித்து, ஐந்து மேசைக்கு ஓர் ஆர்.சி.பி.ஓ. (கசிவுக்கும் அதிகச் சுமைக்கும் விழும் சுவிட்ச்) என்று போடுங்கள். விழுந்தாலும் ஐந்து பேரோடு நின்றுவிடும்.

கெட்டில், மைக்ரோவேவ், குளிர்பெட்டி எல்லாம் தனி லைன். இணையக் கருவிகளுக்கும் தனி லைன். தேநீர் போடப் போனவரால் பதினெட்டுப் பேருடைய ஜூம் அறுபடக் கூடாது.

நீட்டிப்புக் கட்டையில் இன்னொரு நீட்டிப்புக் கட்டை சொருகுவதைப் பார்த்தால் உடனே கழற்றுங்கள். 13 ஆம்பியர் ஃபியூஸ் 3 கிலோவாட்டுக்குத்தான். சிரிம் தரச் சான்று முத்திரை இல்லாத மலிவுக் கட்டையில் பிளேட் தளர்ந்து, ஃபியூஸ் போகும் முன்னே பிளாஸ்டிக் உருகும்.

இடி. சிலாங்கூர், பேராக் பக்கம் மதியம் மூன்று மணிக்கு மேல் இடி இறங்காத வாரம் அரிது. சுவிட்சுகள் இருக்கும் டி.பி. பெட்டியில் இரண்டாம் வகை மின்னெழுச்சித் தடுப்பு போடுங்கள். அதில் சின்ன சன்னல் பச்சையா சிவப்பா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். சிவப்பு என்றால் அது வேலை செய்து செத்துவிட்டது, மாற்றணும். எர்த் ராட் 10 ஓமுக்குள் இல்லாவிட்டால் அந்தத் தடுப்பு வெறும் அலங்காரம்.

இணையக்காரர், கூலிம்

வயர்மேன் ஐயா சொன்னதற்கு ஒரு ஒட்டு. ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக இடி வராது. பழைய செம்புக் கம்பி காலத்தில் மோடம் எரிந்தது போல இப்போது எரிவதில்லை. ஆனால் பக்கத்துக் கடைக்கோ பின்கட்டுக்கோ வெளியே தொங்கவிட்டு லேன் வயர் இழுத்தால் பழைய கதைதான். வெளியே போகிற வயர் எதுவானாலும் ஃபைபராக இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றி எல்லாரும் பதிவிறக்க எண்ணைத்தான் பார்க்கிறார்கள். கூட்டுப் பணியிடத்தைக் கொல்வது பதிவேற்றம். முகம் தெரியும் ஒரு காணொளி அழைப்புக்கு ஏறக்குறைய 3 எம்.பி.பி.எஸ். மேலே போகணும். காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் பேசினால் 36. திட்டத்தில் பதிவேற்றம் 50 என்றால் காகிதத்தில் போதும். ஆனால் தோட்டப் பட்டணத்தில் யார் உறுப்பினராக வருவார்? கல்யாண வீடியோ எடுக்கிற தம்பி கட்டாயம் வருவார். 40 ஜி.பி. கோப்பை அவர் ஏற்ற ஆரம்பித்தால் 50 எம்.பி.பி.எஸ். முழுவதையும் ஒன்றே முக்கால் மணி நேரம் விழுங்கிவிடுவார். அந்த நேரம் முழுக்க மற்றவர்கள் 'ஹலோ, கேக்குதா?' என்று கத்திக்கொண்டிருப்பார்கள். அவர்மேல் தப்பில்லை.

செய்ய வேண்டியது இதுதான். நிறுவனம் இலவசமாகத் தரும் ரூட்டருக்குப் பின்னால், யாருடைய தரவு முன்னே போகணும் என்று வரிசை ஒழுங்கு செய்யத் தெரிந்த சொந்த ரூட்டர் ஒன்றை வையுங்கள். அதில் பதிவேற்றத்தை உண்மையான வேகத்தில் 90 விழுக்காட்டுக்கு, அதாவது 45க்கு, அடக்குங்கள். நெரிசல் அப்போது உங்கள் கையில் இருக்கும், நிறுவனத்தின் கருவியில் குவியாது. பிறகு பகலில் ஒரு கருவிக்கு 10 என்று உச்சவரம்பு. வீடியோ தம்பிக்கு ஒன்பது மணி நேரம் பிடிக்கும், அதனால் இரவு ஓட விடச் சொல்லுங்கள்.

வைஃபை: 70 அடி நீளத்துக்கு ஒரு ரூட்டர் போதாது. கூரையில் இரண்டு அணுகுமுனை (வைஃபை பரப்பும் கருவி), இரண்டுக்கும் சுவர் வழியாக வயர். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 தவிர வேறெதையும் தொடாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் அகலம் 40 போதும்; 80 வைத்தால் வேகச் சோதனையில் அழகாகத் தெரியும், ஆள் கூடினால் திணறும்.

'வைஃபை பிடிக்குது, நெட் வரல' என்ற புகார் சாயங்காலம் மட்டும் வந்தால், ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் ஐ.பி. முகவரி தீர்ந்திருக்கும். கைப்பேசிகள் அடிக்கடி போலி அடையாளத்தோடு சேர்வதால் ஒரே ஆள் இரண்டு மூன்று முகவரி பிடித்துக்கொள்வார். ஒரு முகவரியைக் கருவி வைத்திருக்கும் குத்தகை நேரத்தை ரூட்டரில் 24 மணியிலிருந்து 2 மணிக்கு இறக்குங்கள், முகவரித் தொகுப்பை 200க்கு உயர்த்துங்கள்.

ஃபைபர் கருவியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் கருவியைப் பத்து தடவை அணைத்துப் போடுவதில் பயனில்லை, ஒளியே வந்து சேரவில்லை. தெருவைக் குறுக்கே தாண்டும் வயரைப் போய்ப் பாருங்கள். செம்பனைக் குலை லாரியின் இரும்புக் கை இழுத்திருக்கும், இல்லாவிட்டால் அணில் கடித்திருக்கும். சிறிய ஊரில் ஆள் வந்து ஒட்ட ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதற்காக வேறு நிறுவனத்தின் சிம் போட்ட மாற்று ரூட்டர் ஒன்று வேணும். அதைக் காலை பதினொரு மணிக்குச் சோதித்து ஏமாறாதீர்கள், இரவு எட்டு மணிக்குச் சோதியுங்கள். அப்போதுதான் ஊரே நாடகம் பார்க்கும்.

மின்சாரம் போனால் ஃபைபர் கருவி, ரூட்டர், ஓர் அணுகுமுனை மூன்றுக்கும் சேர்த்து 25 வாட்தான். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும். மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது, இணையம் மட்டும் நின்றால்தான் சண்டை.

ஏர்கோன் வேலை, தெலுக் இந்தான்

1 குதிரைச் சக்தி ஏர்கோனின் குளிரூட்டும் திறன் ஏறக்குறைய 9,000 பி.டி.யூ., இரண்டரை என்றால் 24,000. கூரைக்கு நேர் கீழே இருக்கும் மாடிக்குச் சதுர அடிக்கு 65 போடணும். 1,400 சதுர அடிக்கு 91,000, ஆக நான்கு இரண்டரை. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே வெப்பத்தடுப்புப் பஞ்சு விரித்தால் மூன்றில் சமாளிக்கலாம். அந்தப் பஞ்சுக்குச் செலவழிக்க யாரும் சம்மதிப்பதில்லை, பெயிண்டுக்கு மட்டும் காசு வரும்.

நடுவே கண்ணாடிக் கதவு வைத்து மாடியை முன்கட்டு, பின்கட்டு என்று பிரியுங்கள். ஐந்து பேர் இருக்கும் நேரத்தில் பின்கட்டு மட்டும் ஓடட்டும். முன்கட்டு மேற்கு பார்த்திருந்தால் மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே எந்த ஏர்கோனும் தோற்கும்.

தண்ணீர் சொட்டுவது கேஸ் குறைவால் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் தட்டில் பாசி படிந்து வடிகால் குழாய் அடைத்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். கீழே சாப்பாட்டுக்கடை இருந்தால் இரண்டு மாதம். வாணலி எண்ணெய்ப் புகை மேலே ஏறிச் சுருளில் ஒட்டும், அதன்மேல் தூசி பிடிக்கும்.

மறந்துபோகிற விஷயம்: சுவர் ஏர்கோன் வெளிக்காற்று கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றும். இருபது பேர் மூடிய அறையில் இருந்தால் மதியம் எல்லாருக்கும் தலை கனக்கும், கொட்டாவி வரும். சாப்பிட்ட மயக்கம் என்று நினைத்துவிடுவார்கள். தொழிலிடப் பாதுகாப்புத் துறையின் 2010 வழிகாட்டியில் கரியமில வாயு 1,000 பி.பி.எம்.முக்கு மேல் போகக்கூடாது. பின்சுவரில் 8 அங்குல வெளியேற்று விசிறி ஒன்று, முன்பக்கம் ஒரு சன்னல் இரண்டு விரல் திறப்பு. புகைமூட்டம் வரும் மாதங்களில் மட்டும் மூடி வையுங்கள்.

கணக்கர், பந்திங்

செலவை ஒரு மாதிரிக்கு எழுதுகிறேன், உங்கள் ஊர் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாடி வாடகை 1,000 ரிங்கிட். ஏர்கோன் ஒன்று சராசரி ஒன்றரை கிலோவாட், பத்து மணி நேரம், 15 யூனிட். யூனிட் ஏறக்குறைய 50 காசு என்றால் ஏழரை ரிங்கிட். நான்குக்கு 30, 26 நாளுக்கு 780. மற்ற மின்சாரம் 120. இணையமும் மாற்று சிம்மும் 200. துப்புரவு 500. பழுதுக்கு ஒதுக்கீடு 250. மொத்தம் 2,850. மாதம் 150 கட்டும் உறுப்பினர் 19 பேர் வேணும், அதுவும் உங்கள் உழைப்புக்குக் காசு எடுக்காமல். தீபாவளி மாதத்திலும் தைப்பூச வாரத்திலும் நாள் கட்டணம் பாதியாகும், வாடகை பாதியாகாது.

இரவு ஆட்களை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். லண்டன் காலை ஒன்பது நமக்கு மாலை நான்கு அல்லது ஐந்து. நியூயார்க் காலை ஒன்பது நமக்கு இரவு ஒன்பது அல்லது பத்து. ஏழு மணிக்குக் கதவடைத்தால் இவர்கள் எல்லாரும் போச்சு. பின்கட்டில் ஓர் ஏர்கோன் எட்டு மணி நேரம் ஓட 6 ரிங்கிட்தான் செலவு. இரண்டு பேர் ஆளுக்குப் பத்து கொடுத்தாலே லாபம்.

டுயிட்நாவ் கியூஆரில் பணம் வாங்கினால், அனுப்பியவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து நம்பாதீர்கள். உங்கள் வங்கிச் செயலியில் வந்ததா என்று பாருங்கள்.

மாடிக்காரர், பெஸ்தாரி ஜெயா

இரவுக் கணக்கில் ஒன்று விட்டுப்போச்சு சார். அதிகாலை ஐந்து மணிக்குப் பெண் பிள்ளைகள் தனியாகப் படி இறங்கணும். படிக்கட்டு விளக்குக்கு அசைவுணரி, தெருவாசலில் கேமரா, கீழே வண்டி நிறுத்த வெளிச்சம் இல்லாமல் இரவு திறக்கவே கூடாது. கேமரா யாருடைய திரையையும் பார்க்காமல் வாசலை மட்டும் பார்க்கட்டும்.

வாசகி, கிள்ளான்

சாப்பாடு? உள்ளே கூடாது என்று சொன்னால் தாப்பாவ் வாங்கி வருகிறவர்கள் கோபிக்கிறார்கள்.

இணையக்காரர், கூலிம்

மேசையில் விடாதீர்கள் அக்கா. பின்கட்டில் கதவுள்ள தனி இடம் கொடுங்கள். மைக்ரோவேவில் கருவாடும் பிளாச்சான் சம்பலும் சுட வைக்கத் தடை, மற்றதெல்லாம் சரி. குப்பையை அன்றன்றே இறக்கணும். இல்லாவிட்டால் எறும்பு பிளக் பாயிண்டுக்குள் கூடு கட்டும், எலி சீலிங்கில் லேன் வயரைக் கடிக்கும். தோட்டத்தில் எலிக்குக் கூகை வளர்க்கிறார்கள், கடைவீட்டுக்கு அந்த வசதி இல்லை.

கணக்கர், பந்திங்

உறுப்பினர் உங்கள் முகவரியை எஸ்.எஸ்.எம். வணிகப் பதிவுக்குக் கேட்பார். பதிவே ஆண்டுக்கு 60 ரிங்கிட்தான், சொந்தப் பெயரில் என்றால் 30, அதனால் எல்லாரும் கேட்பார்கள். சும்மா கொடுத்தால் அவர் போன பிறகும் கடன் கடிதமும் வரிக் கடிதமும் உங்கள் படியேறும். தனிக் கட்டணம், தனி ஒப்பந்தம், விலகினால் 30 நாளில் முகவரி மாற்றணும் என்ற நிபந்தனை, மூன்றும் இல்லாமல் சம்மதிக்காதீர்கள்.

வயர்மேன், சுங்கை சிப்புட்

ஒன்று கேட்கணும். பின்படிக்கட்டு இரும்புக் கிரில்லுக்குப் பூட்டு போட்டுச் சாவியை மேசை டிராயரில் வைப்பது இன்னும் நடக்கிறதா? புகை நிறைந்தால் டிராயர் தெரியாது.

மாடிக்காரர், பெஸ்தாரி ஜெயா

நடக்கிறது அண்ணே, திருட்டுப் பயம். உள்ளிருந்து சாவி இல்லாமல் கையால் திருகித் திறக்கும் பூட்டு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். கிரில் கம்பிக்கு நடுவே கை விட்டு வெளியிலிருந்து திருக முடியாதபடி பூட்டைச் சுற்றி ஓர் அடிக்கு இரும்புத் தகடு வெல்ட் பண்ணணும். தீயணைப்புக் கருவியைக் கதவுப் பக்கம் மாட்டுங்கள், பலர் அதை அடுப்பங்கரைக்குள் மாட்டிவிடுகிறார்கள்.