செதுக்குக் கத்திக்கு வீட்டிலேயே உறை: வன்னியில் செய்து பார்த்த முறைகள்

ஒவ்வொரு பகுதியும் தலைப்பிலுள்ள ஊர்க்காரர் ஒருவர் சொன்னது. கீழே வருகிற அளவுகள் 60 மில்லிமீற்றர் நீளம், 18 அகலம், முதுகு 2.5 தடிப்புள்ள அலகுக்கு.

மாங்குளம்

உறைக்கு 20 மில்லிமீற்றர் வயர் பைப் போதும், சுவருக்குள்ளே கரண்ட் வயர் ஓடுகிற மெல்லிய பிவிசி. தண்ணிப் பைப் தடிப்பு, லேசில் இளகாது. வயர் பைப்பைத் தட்டையாக்கினால் உள்ளே ஏறக்குறைய 25 அகலம் கிடைக்கும்.

கத்தியை உள்ளே வைத்து அமர்த்தாதேங்கோ. ஆறுகிற பைப் அலகின் கூர்ப்பக்கத்தை இறுக்கிப் பிடிக்கும். பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் கூர் பிளாஸ்ரிக்கைச் சீவும், தடம் ஆழமாகி ஒருநாள் வெளியே வந்து விரலைப் பதம் பார்க்கும். பதிலாக 3 மில்லி பிளைவூட்டில் ஒரு அச்சு வெட்டுங்கோ. அகலத்தில் 2 கூட, நுனிப்பக்கம் 5 கூட இருக்கவேணும். பைப்பைக் கொதிக்கிற தண்ணியில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, அச்சைச் செருகி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து ஆறுமட்டும் ஏறி நில்லுங்கோ. நுனியில் 15 மில்லி நெரித்து மூடி, நெரித்த இடத்துக்குச் சற்று மேலே தண்ணி வடிய 3 மில்லித் துளை ஒன்று.

அடுப்பு நெருப்பில் காட்டுவது கெட்ட பழக்கம். பிவிசி கருகினால் ஐதரசன் குளோரைட்டு வரும். நெஞ்சை அடைக்கும், பக்கத்தில் கிடக்கிற உளியும் துருப்பிடிக்கும்.

துணுக்காய்

மேலே சொன்ன பைப் முறையில் முக்கியமானது விடுபட்டுப் போச்சு. உறை பிடிக்கவேண்டியது கைப்பிடியை, அலகை அல்ல. உறையின் வாய் கைப்பிடிக்கு மேல் 15 மில்லி ஏறி நிற்கவேணும். அதுக்கு முதல் கைப்பிடியின் முன்பக்கச் சுற்றளவை நூலால் அளவுங்கோ. 55 மில்லிக்கு மேலே போனால் 20 பைப் ஏறாது, 25 பைப் எடுங்கோ.

உறை போட்ட கத்தி கிடக்கிற தகரப் பெட்டியை வெயிலில் விடவும் வேண்டாம். சூடு ஏறினால் பைப் பழைய வட்டத்துக்குத் திரும்பப் பார்க்கும், வாய் விரிந்து கத்தி நழுவும்.

நெடுங்கேணி

தோல் என்றால் 3 மில்லித் தடிப்பு. இரண்டு மடிப்புக்கும் நடுவில், கூர் வருகிற பக்கம், 8 மில்லி அகலத் தோல் பட்டி ஒன்று கட்டாயம் வேணும். அது இல்லாமல் தைத்தால் கத்தி முதலில் அறுக்கிறது நூலைத்தான். துளைகள் 4 மில்லிக்கு ஒன்று, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. நூல் நீளம் தையலைப்போல எட்டு மடங்கு. காட்டுத்தேன் எடுக்கிறவர்களிடம் அடைமெழுகு கேட்டு வாங்கி நூலில் தேயுங்கோ.

செருப்புக் கடை வெட்டுத்துண்டு பெரும்பாலும் குரோம் பதனிட்டது. நனைத்து அமர்த்தினாலும் வடிவம் நிற்காது. தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் நிற்கும். நனைத்தபிறகு கத்தியைப் பொலித்தீனில் சுற்றிச் செருகி, நிழலில் ஒரு இரவு காயவிடுங்கோ.

ஐப்பசி தொடங்கித் தை மட்டும் தோல் உறைக்குள் கத்தியை விட்டுவைக்கக்கூடாது. மாரி ஈரத்தைத் தோல் உறிஞ்சி அலகில் ஒத்தடம் கொடுக்கும். அந்த ஈரமும் தோலிலுள்ள உப்பும் சேர்ந்தால் கார்பன் உருக்கில் புள்ளித் துரு வர நாள் செல்லாது. கொண்டுபோகத்தான் தோல், வீட்டில் வெளியே எடுத்து வையுங்கோ.

புதுக்குடியிருப்பு

மர உறைதான் என் தேர்வு. நன்றாகக் காய்ந்த முள்முருக்கு நல்லது, பச்சையாக எடுத்தால் தோலைவிட மோசம். முதிரையும் பாலையும் இந்த வேலைக்குத் தேவையில்லாத கடினம். பனை மட்டை கையில் இலகுவாகத் தெரியும், ஆனால் அதன் நாரில் சிலிக்கா இருக்கு, கூர் மழுங்கும்.

6 மில்லிப் பலகை இரண்டு. ஒன்றில் மட்டும் அலகின் தடிப்போடு அரை மில்லி கூட்டிக் குடையுங்கோ, மற்றது மூடி. பசையைக் குழி விளிம்பிலிருந்து 4 மில்லி தள்ளிப் பூசுங்கோ, உள்ளே பிதுங்கிக் காய்ந்த பசை கூரைச் சிதைக்கும். ஒட்டுமுன் அலகில் விளக்குக் கரி தடவி வைத்துப் பாருங்கோ. கூர் பட்ட இடம் கறுக்கும், அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கோ. கூர் எதிலும் படாமல் முதுகு மட்டும் பட்டால் சரி.

மாங்குளம்

வளைந்த கத்திக்கு இது ஒன்றும் சரிவராது. தடித்த ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி, கூரில் மாட்டி, சைக்கிள் ரியூப் வளையத்தால் கட்டுங்கோ. வளையம் பைப்பின் மேலே இருக்கட்டும், உருக்கில் படவேண்டாம். எண்ணெய் பூசுகிறவர்கள் தையல் மெசின் எண்ணெய் பாவியுங்கோ. தேங்காயெண்ணெய் நாள்பட்டால் காறிப்போகும்.