ஷெவராயா, சேர்வராயனா? காப்பிப் பொடிக்கு டொமைன் பெயர், யோசனை சொல்லுங்கள்

நாகலூர்க்காரி:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அப்பாவுக்கு நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி, அடியில் அராபிகா. இத்தனை வருடமும் காயவைத்த கையோடு வியாபாரிக்குப் போட்டுவிடுவோம். போன சீசனில் நாற்பது கிலோ மட்டும் நிறுத்தி, கீழே சேலத்தில் வறுத்து அரைத்து, தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். பங்குனிக்குள் தீர்ந்துவிட்டது.

இதுவரை வாட்ஸ்அப்பிலேயே ஓட்டுகிறேன். இந்த வருடம் ஒரு வெப்சைட் போடலாம் என்று உட்கார்ந்தால் டொமைனிலேயே, அதாவது வெப்சைட் முகவரிக்கு வைக்கும் பெயரிலேயே மாட்டிக்கொண்டேன். மலைக்கு நாங்கள் சொல்வது சேர்வராயன். வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போனது ஷெவராய். இங்கிலீஷில் எழுதும்போது 'எஸ்'ஸுக்கு அப்புறம் 'ஹெச்' வருமா, நடுவில் 'ஆர்' உண்டா, 'வி'க்குப் பின்னால் 'ஏ'வா 'இ'யா, எதுவும் நிச்சயமில்லை. பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், ஆறு விதம் வந்தது. அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் மூன்று விதமாக எழுதுகிறோம். சரி, சேலம் என்று வைக்கலாம் என்றால் அமெரிக்காவிலேயே ஆரிகனில் ஒரு சேலம், மாசசூசெட்ஸில் ஒரு சேலம். நான் நினைத்த பெயரெல்லாம் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நடுவில் கோடு போட்டால் கிடைக்கிறது, போடலாமா? டாட் காமா, டாட் இன்னா? டாட் காஃபி என்றே ஒன்று இருக்கிறதாமே? தமிழிலேயே வைக்க முடியுமா?

இன்னொன்று. தம்பியின் நண்பன் ஒருவன், "அக்கா, நானே ரெஜிஸ்டர் பண்ணி வெப்சைட்டும் போட்டுத் தந்துடறேன், எல்லாம் சேர்த்து எட்டாயிரம், நீங்க ஒண்ணும் பார்க்க வேண்டாம்" என்கிறான். நல்ல பையன்தான். விட்டுவிடலாமா?

அஸ்தம்பட்டி சுப்பு:

வாங்குவது உள்ளூர் ஆட்கள் என்றால் டாட் இன் தாராளமாகப் போதும். 2005இலிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், நிக்ஸி என்கிற இந்திய அமைப்புதான் அதை நடத்துகிறது. ஆனால் நம் ஜனங்கள் கை தானாகவே டாட் காம் என்றுதான் அடிக்கும். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் எடுங்கள்.

டாட் காஃபி உண்மையிலேயே இருக்கிறது. எடுக்கும் முன் ரெனியூவல் விலையை, அதாவது வருடா வருடம் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். முதல் வருடம் போடும் விலை தள்ளுபடி விலை. இரண்டாம் வருடம்தான் நிஜ விலை, அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம்.

கொலுசுப்பட்டறை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மணி. விடாதீங்க.

எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. 2016இல் ஒரு பையன் எங்களுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். அவனும் நல்ல பையன்தான். டொமைனை அவன் மெயிலில், அவன் கணக்கில் எடுத்தான். வருடா வருடம் ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டு அவனே கட்டிவிடுவான், நாங்களும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் வருடம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனான், நம்பரும் மாறிவிட்டது.

டாட் காம் முடியப்போகிறது என்றால் ஒரு மாதம் முன்னால் ஒரு மெயில், ஒரு வாரம் முன்னால் ஒரு மெயில், முடிந்த ஐந்து நாளுக்குள் இன்னொரு மெயில் அனுப்பியாக வேண்டும் என்பது விதி. மூன்றும் ஒழுங்காக வந்திருக்கின்றன. அவனுடைய, அவன் திறந்தே பார்க்காத மெயிலுக்கு. எங்களுக்குத் தெரிந்தது தீபாவளிக்கு முன்னால், ஈரோட்டு வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டு, "என்னங்க, உங்க சைட்டைத் திறந்தா விளம்பரமா வருது" என்று கேட்டபோதுதான்.

முடிந்த பிறகும் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க 45 நாள் வரைக்கும் தரலாம், அது விற்கும் கம்பெனி இஷ்டம். அப்புறம் ரிடெம்ப்ஷன், அதாவது மீட்டெடுக்கும் அவகாசம் என்று 30 நாள், அதில் அபராதம் போல ஒரு பெரிய தொகை. அதற்கும் மேல் ஐந்து நாள், யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் முதலில் கை வைப்பவனுக்கு. நாங்கள் அபராதம் கட்டத் தயாராகத்தான் இருந்தோம். ஆனால் கணக்கு அவனுடையது, கேட்க வேண்டியவன் அவன். அவனைத் தேடிப் பிடித்து, அவன் பாஸ்வேர்டைத் தேடிப் பிடிப்பதற்குள் நாள் ஓடிவிட்டது. இப்போது அந்தப் பெயரில் ஏதோ வெளிநாட்டுச் சூதாட்டப் பக்கம் ஓடுகிறது.

அதைவிட வயிற்றெரிச்சல், கொலுசு வைத்துக் கொடுக்கும் சிவப்பு அட்டைப் பெட்டி மூவாயிரத்தில் அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்தோம். கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்கிற பெட்டியில் சூதாட்ட முகவரி! அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டி மேலும் தங்கக் கலர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பதினோரு நாள். இன்னும் சில பெட்டியில் ஸ்டிக்கர் கோணலாக இருக்கும்.

டொமைனை 'வாங்குவது' என்கிறோம், உண்மையில் அது மாந்தோப்புக் குத்தகை மாதிரி. டாட் காம் ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருடம். குத்தகையானாலும் சீட்டு யார் பெயரில் என்பதுதான் கேள்வி. 'ரெஜிஸ்ட்ரன்ட்', அதாவது பதிவுதாரர் என்கிற இடத்தில் உங்கள் பெயர், உங்கள் மெயில், உங்கள் போன். அந்தப் பையனுக்கு வேண்டியது நேம் சர்வரை (பெயரை அடித்தால் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும் என்று வழி சொல்வது) மாற்றும் வேலை மட்டும்தான். அவன் சொல்லும் நான்கு வரியை நீங்களே உள்ளே போய்ப் போட்டுவிடலாம். எட்டாயிரம் கொடுங்கள், ஓடிபி கொடுக்காதீர்கள்.

பெயருக்கு வருகிறேன். எங்கள் பழைய பெயரில் கொலுசு என்ற சொல் இருந்தது. பாதிப்பேர் 'கே' போட்டு அடிப்பார்கள், பாதிப்பேர் 'ஜி'. அதனால் ஒரு சோதனை: லாரி புக்கிங் ஆபீசில் இருக்கும் பையனிடம் போனில் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், எழுத்துக் கூட்டாமல். அவன் எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். தப்பில்லாமல் வந்தால் அதுதான் பெயர். கோடு வேண்டவே வேண்டாம். "நடுவுல கோடு" என்றால் "கீழ்க்கோடாங்க?" என்று கேட்பான். கீழ்க்கோட்டை டொமைனில் பதியவே முடியாது.

எழுத்தெண்ணி:

தமிழ் டொமைன் பற்றி யாரும் சொல்லவில்லையே. டாட் இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே இருக்கிறது, எடுக்கலாம். ஆனால் உள்ளுக்குள் அது 'எக்ஸ்-என்' என்று தொடங்கும் ஒரு இங்கிலீஷ் எழுத்து வாலாகத்தான் சேமிக்கப்படும். சில இடங்களில் காப்பி செய்து ஒட்டினால் அந்த வால்தான் தெரியும், பார்ப்பவர் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்துவிடுவார். அந்தப் பெயரில் மெயில் வைத்தால் பல படிவங்கள் ஏற்காது. இரண்டாவது பெயராக ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வைத்தால் எழுத்துக் குழப்பம் தீரும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது காப்பி. என் வீட்டில் காபி. பாக்கெட்டில் காஃபி.

நாகலூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. கொலுசுப்பட்டறை அண்ணா, பெட்டி விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல், "உன் பேர்லயே எடு" என்றார்.

புக்கிங் ஆபீஸ் சோதனையில் ஷெவராய், சேர்வராயன் இரண்டுமே தோற்றன. ஷெவராயை அந்தப் பையன் 'சவரா' என்று எழுதியிருந்தான். கடைசியில் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டேன். அதிலும் 'ஊர்' என்பதற்கு ஒரு 'யு'வா, இரண்டு 'ஓ'வா என்று வந்தது. இரண்டு விதத்திலும் டாட் காம் எடுத்து, ஒன்றைத் தட்டினால் இன்னொன்றுக்குப் போகும்படி வைத்தாயிற்று.

ஒரு விஷயம், புதிதாக எடுப்பவர்களுக்கு: எடுத்ததும் மெயில் முகவரியை உறுதிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வரும். டாட் காமில் 15 நாளுக்குள் அந்த லிங்க்கைத் தட்டாவிட்டால் பெயரையே நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது ஸ்பேமில் போய் விழுந்திருந்தது. இங்கே டவரும் விட்டு விட்டுத்தான் வரும், ஒன்பதாம் நாள்தான் பார்த்தேன். அதற்குள், வேறு ஏதோ பெயரிலிருந்து, "உங்கள் டொமைன் முடிகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று மட்டும் இரண்டு மெயில் டாண் என்று இன்பாக்ஸுக்கே வந்துவிட்டது. எடுத்தே ஒன்பது நாள்தான் ஆகிறது!

தம்பியின் நண்பனுக்குக் கொஞ்சம் வருத்தம். நேம் சர்வர் வரிகளை அனுப்பினான், நானே போட்டேன். என் போனில் புதுப் பக்கம் வருகிறது, அப்பா போனில் இன்னும் பழைய காலிப் பக்கம்தான் வருகிறது. தப்பாகப் போட்டுவிட்டேனா?

கொலுசுப்பட்டறை:

தப்பில்லை. பழைய விலாசத்தை அப்பாவின் நெட்வொர்க் கொஞ்ச நேரம் ஞாபகத்தில் வைத்திருக்கும். நாளைக்கோ மறுநாளோ தானாக மாறிவிடும், அதற்குள் பொறுமையிழந்து எதையும் திரும்ப மாற்றிவிடாதீர்கள்.

ஆட்டோ ரெனியூவல் போட்டிருந்தால் அதை நம்பி இருக்காதீர்கள். 2021 அக்டோபரிலிருந்து கார்டில் தானாகப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதிப்படி முன்கூட்டியே தனி ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனியாக இருந்தால் பல நேரம் அது ஓடாது, பணம் எடுக்க முடியவில்லை என்றும் ஒரு மெயில்தான் வரும். இந்த சீசன் பணம் கைக்கு வந்ததும் ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். அதுவரைக்கும் பாக்கெட் கவர் அதிகமாக அச்சடிக்க வேண்டாம்.