பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி காமிக்ஸ் வரைகிறேன்: எப்படி அச்சடிப்பது, யாரிடம் கொண்டுபோவது?

பாம்பன் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். நுண்கலைக் கல்லூரியில் ஓவியம், இரண்டாம் ஆண்டு. ஊர் பாம்பன், சின்னப்பாலம் பக்கம். எங்கள் வீட்டில் அம்மா, சித்தி, பெரியம்மா மூன்று பேருமே கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர்கள். அவர்களை வைத்து 16 பக்கத்தில் ஒரு காமிக்ஸ் வரைகிறேன். பென்சில் வேலை முடிந்தது, இனி மை போட வேண்டும்.

கதை ஒரே நாளில் நடக்கிறது. விடியுமுன் வள்ளத்தில் ஏறுகிறார்கள். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் நீச்சல் கண்ணாடி, இடுப்பில் பை. மூழ்கி, பாறையில் இருக்கும் பாசியைப் பறித்து, மேலே வந்து மூச்சு வாங்கி, திரும்ப மூழ்குகிறார்கள். மத்தியானம் கரைக்கு வந்து மணலில் பாசியைப் பரப்புவதோடு முடிகிறது. எங்களைப் போலப் பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்த பிறகு எங்கள் பெண்களைப் பற்றி வெளியில் நிறைய எழுதினார்கள், நல்லாவும் எழுதினார்கள். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இருக்கிற அந்த நேரம் எவ்வளவு நீளம் என்பதைக் கட்டம் கட்டமாக வரைந்தால்தான் காட்ட முடியும் என்று நம்புகிறேன்.

என் கேள்விகள்: பேச்சை எங்கள் கடற்கரைப் பேச்சாகவே எழுதலாமா? நான் எழுதுகிற எந்த வசனமும் பேச்சு பலூனுக்குள் அடங்க மாட்டேன் என்கிறது, அதற்கு என்ன வழி? குறைந்த செலவில் புத்தகமாக்குவது எப்படி? கல்லூரியில் ஒருவர், இது ஓவியத்தில் சேராது, தேர்வுக்கு வைக்காதே என்கிறார். இன்ஸ்டாகிராமில் போட்டால் வெளியூர் நண்பர்கள் பார்க்கிறார்கள். சித்தி எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், பெரியம்மாவுக்குப் படிக்கவே தெரியாது. அவர்களிடம் போய்ச் சேராவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கீழக்கரை வாசகன்:

தங்கச்சி, ராமநாதபுரத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்து காமிக்ஸ் சேர்ப்பவனும்கூட. அச்சைப் பற்றிச் சொல்கிறேன்.

16 பக்கம் அருமையான கணக்கு. ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 4 பக்கம், ஆக 4 தாளில் புத்தகம் முடிந்துவிடும். நடுவில் இரண்டு பின் அடித்தால் போதும். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16உம் 1உம், மறுமுகத்தில் 2உம் 15உம் வரும். வெறும் தாளை மடித்து எண் போட்டு ஒரு மாதிரி செய்துகொள்ளுங்கள், குழப்பம் வராது. அப்புறம் ஒரு விஷயம்: 8உம் 9உம் மட்டும்தான் ஒரே தாளின் ஒரே முகத்தில் அடுத்தடுத்து விழும். வேறு எந்த இரட்டைப் பக்கத்திலும் படம் நடுவில் வெட்டுப்பட்டு லேசாக விலகும். கடலுக்கடியில் பெரிய காட்சி வைத்திருந்தால் அதை அங்கே கொண்டுவாருங்கள்.

ஜெராக்ஸ் மெஷினுக்கு பென்சில் நிழல் தெரியாது. வெளிர் சாம்பல் வெளுத்துப்போகும், அடர் சாம்பல் கறுப்பாக அப்பிவிடும். நிழல் வேண்டுமென்றால் கோடுகளாலோ புள்ளிகளாலோ போடுங்கள். ஏ4இல் வரைந்து ஏ5க்குக் குறைத்தால் 71 சதவீதம் ஆகும், மெல்லிய கோடுகள் இன்னும் மெலியும், எழுத்தும் சின்னதாகும். நாலு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள், மெஷின் விளிம்பு வரை அடிக்காது.

வசனத்துக்கு வருவோம். முதலில் எழுத்தை எழுதுங்கள், அதைச் சுற்றி பலூன் போடுங்கள், கடைசியில் மீதி இடத்தில் ஆளை வரையுங்கள். நம் சொற்கள் நீளமானவை, பலூன் அகலமாக இருக்க வேண்டும். வரிக்கு மேலே ‘கீ’ கொக்கி, வரிக்குக் கீழே ‘கு’ வால் என்று போவதால் வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். கையால் எழுதுவதே உங்கள் கதைக்குப் பொருந்தும். கணினியில் எழுதினால் போட்டோஷாப்பில் உலக மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி உட்காரும்.

பார்த்துப் பழக நம் சிவகாசிப் புத்தகங்களே இருக்கின்றன. முத்து காமிக்ஸ் 1972இலும் லயன் காமிக்ஸ் 1984இலும் தொடங்கியவை. பெரும்பாலும் ஐரோப்பியக் கதைகளின் தமிழாக்கம். கதைக்காக ஒரு முறை படித்துவிட்டு, வசனத்தை மூடி வைத்துப் படங்களை மட்டும் ஒரு முறை பாருங்கள். எந்தக் கட்டத்தில் வசனம் தேவையே இல்லை என்பது விளங்கும்.

சேதுநாட்டு ஓவியை:

பேச்சைத் திருத்தாதே தங்கச்சி. உன் அம்மா பேசுகிற மாதிரியே எழுது. சித்தி எழுத்துக் கூட்டிப் படித்தாலும் தன் பேச்சைத் தான் கேட்டு அடையாளம் கண்டுகொள்வார்.

தேர்வுக்கு வைக்கக் கூடாது என்பவரிடம் நீ விவாதம் பண்ண வேண்டாம். ஒரு நாள் ராமநாதபுரம் அரண்மனைக்குப் போய் ராமலிங்க விலாச மண்டபத்தில் உட்கார்ந்து சுவர் ஓவியங்களைப் பார்த்து வரைந்து படி எடுத்து வா. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் காலத்தில் வரைந்தவை. ராமாயணம், பாகவதம், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், வெள்ளைக்காரர்களைச் சந்திக்கும் சேதுபதி என்று சுவர் முழுக்கக் கதை. பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரைந்து, காட்சியோடு தமிழில் குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். நாம் நடக்க நடக்கக் கதையும் நடக்கிறது. அந்தப் படிகளையும் உன் பக்கங்களையும் சேர்த்து வை. நம் மாவட்டத்திலேயே 300 ஆண்டுகளாக இருக்கிற ஓவிய முறை இது, ஓவியத் துறையில் இதற்கு இடமில்லை என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

பெரியம்மா விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தண்ணீருக்குள் யாரும் பேசுவதில்லை. அப்படியானால் உன் கதையில் பாதி ஏற்கெனவே படிக்கத் தெரியாதவர்களுக்கான கதைதான். அதை இன்னும் துணிந்து செய். மேலே பேச்சு, கீழே ஒரு சொல்கூட வேண்டாம், விளக்கக் குறிப்பும் வேண்டாம். மூச்சு முட்டும் நேரத்துக்குக் கட்டங்களைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டு. மேலே வந்ததும் ஒரே பெரிய கட்டம், வானத்தோடு. எல்லோரும் கண்ணாடி போட்டிருப்பதால் முகத்தை வைத்து ஆளைப் பிரிக்க முடியாது. யாருடைய விரல் துணி எப்படி, சட்டை எது, பாறையை எப்படிப் பிடிக்கிறார் என்பதில் பிரித்துக் காட்டு. மை போடுமுன் பென்சில் பக்கங்களைப் பெரியம்மா கையில் கொடுத்து, கதையை அவரையே சொல்லச் சொல். நீ வாயைத் திறக்காதே. அவர் தயங்கும் இடத்தில் ஒரு கட்டம் குறைகிறது.

பகிர்வதற்கு வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியாவின் சரத் சர்மா பரப்பிய சுவர் காமிக்ஸ் முறையைப் பார். இரண்டு ஏ4 தாளை ஒட்டி, நாலே கட்டத்தில் ஒரு கதை, கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து டீக்கடை, பஸ் நிறுத்தம் என்று மக்கள் நிற்கும் இடத்தில் ஒட்டுவது. உன் 16 பக்கத்திலிருந்து நாலு கட்டம் எடுத்து, பாசி எடை போடும் இடத்திலும் ரேஷன் கடைப் பக்கமும் கேட்டுவிட்டு ஒட்டு. முகம் அடையாளம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் முதலில் அனுமதி கேள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா எல்லைக்குள் வந்த பிறகு அங்கே பாசி எடுப்பது சிக்கல் என்பதால், இது அவர்களுக்குப் பிழைப்போடு சேர்ந்த விஷயம். எந்தத் தீவு என்று தெரியும்படி வரைய வேண்டுமா என்பதை அவர்களே சொல்லட்டும்.

தங்கச்சிமடம் வலைக்காரன்:

தாயி, படம் வரையத் தெரியாது, கடல் தெரியும். உன் கதை எந்த மாதம்? வாடைக்காற்றில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கிக் கிடக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) அடங்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடித்தால் நேர்மாறு. தண்ணீர் தெளிவா கலங்கலா என்பது அதைப் பொறுத்தது. பாசிக்குப் போவது அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். அதனால் விடியுமுன் கட்டத்தில் ஒன்று முழு நிலா, இல்லாவிட்டால் இருட்டு. அரை நிலா போட்டுவிடாதே. பின்னால் ரயில் பாலம் வந்தால் அதையும் கவனி. பழைய பாலம் நடுவில் இரண்டாகப் பிரிந்து தூக்கியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே நேராக மேலே ஏறும். பாலத்தைப் பார்த்தே எங்கள் ஆட்கள் வருஷம் சொல்லிவிடுவார்கள்.

பாம்பன் பொண்ணு:

கீழக்கரை காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அக்கா, மாமா, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. கதை தை மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், தென்கடல். புதுப் பாலம்தான். மூழ்கும் காட்சி இப்போது 6, 7இல் இருக்கிறது, அதை 8, 9க்கு நகர்த்துகிறேன். முன்னால் வள்ளத்தில் போகிற பகுதிக்கு இன்னும் இரண்டு பக்கம் கிடைக்கும், அம்மாவும் சித்தியும் அங்கே நிறையப் பேசுவார்கள். தண்ணீருக்குள் வரும் கட்டங்களில் இருந்த விளக்கக் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன். காக்கா, உங்கள் கடை ஞாயிற்றுக்கிழமை உண்டா? செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

கீழக்கரை வாசகன்:

மத்தியானம் வரை உண்டு. போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள், அசல் தாளையே கொண்டுவாருங்கள். முதலில் ஒரே ஒரு பிரதி அடித்து, கோடு எங்கே விட்டுப்போகிறது என்று பார்த்துச் சரிசெய்த பிறகு மீதியை அடிக்கலாம். சுவருக்கான நாலு கட்டத்தைத் தனித் தாளில், எழுத்தைப் பெரிதாக எழுதி எடுத்துவாருங்கள். அது ஆறடி தள்ளி நின்று படிக்கிற எழுத்து, புத்தகத்தின் அளவு அதற்குப் போதாது.